மூன்று மணிக் கடல்

எங்கள் ஊருக்குக் கடல் வந்த கதையைச் சொல்கிறேன். கேட்கிறவர்கள் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு கேளுங்கள், ஏனென்றால் அது முதலில் காலைத்தான் தொடும்.

தவக்காலத்து இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. அரியலூர்ப் பக்கம் மாசி வெயில் எப்படிக் காயும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, வெறும் வெள்ளைப் பாறையும் மஞ்சள் மண்ணும்தான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்களுக்கு வேளாங்கண்ணிதான், அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை கொடியேற்றத்துக்கு நடந்து போனால். அப்படிப்பட்ட ஊரில் நான் வாசலில் மிளகாய் காயப்போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தபோது, பெரிய ஈரத்துணி ஒன்றை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு வருவதுபோல ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, அதன் பின்னால் மீன் வாடை வந்தது, அதன் பின்னால் எதிர்வீட்டிலிருந்து என் நாத்தனார் விக்டோரியா அண்ணி, "எவடி அவ, எவ என் வாசல்ல தண்ணிய ஊத்துனது?" என்று கத்திக்கொண்டு வந்தார்.

வாசலில் தண்ணீர் இல்லை. மண் புழுதியாகத்தான் கிடந்தது. ஆனால் அண்ணியின் புடவைக் கரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது, அவருடைய ரப்பர் செருப்பில் ஒன்று தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தானாக மிதந்து பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, கோழிகள் காற்றில் காலை உதைத்துக்கொண்டு அலறின. கையை விட்டுப் பார்த்தவர்களுக்குக் கை நனைந்தது, நாக்கில் வைத்தவர்களுக்குக் கரித்தது. கடல்தான். கண்ணுக்குத் தெரியாத கடல். ஐந்து மணிக்கு வந்த வழியே வடிந்து ஆற்றுக்குள் போய்விட்டது. சுவர்களில் மட்டும் வெள்ளையாக ஒரு உப்புக் கோடு.

முதல்நாள் எல்லாரும் அழுதுகொண்டு கோயிலுக்கு ஓடினோம். இரண்டாம் நாள் ஓடினோம், ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினோம். மூன்றாம் நாள் முதல் யாரும் ஓடவில்லை. மூன்று மணிக்கு வரும், ஐந்து மணிக்கு வடியும், அவ்வளவுதானே என்று ஆகிவிட்டது. பெண்கள் இரண்டரைக்குள் பாத்திரம் கழுவிப் பரணில் ஏற்றினார்கள். கட்டில்களுக்குக் கீழே செங்கல் வைத்தோம், தண்ணீர் ஏற ஏற இன்னொரு செங்கல் வைத்தோம். மாடுகள் தாமாகவே மேட்டுக்கு நடக்கப் பழகின. பள்ளிக்கூடம் இரண்டு மணிக்கே விட்டது. பஸ்காரர் இரண்டு நாற்பது நடையை ரத்து செய்துவிட்டு, "உங்க ஊரு கண்ணுக்குத் தெரியாத தண்ணிக்கு என் இன்ஜின் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார். எங்கள் கோயில்பிள்ளைக்குத் தைரியம் என்று பேர், அவர் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு மணி அடிக்கத் தொடங்கினார், அதற்குக் கடல் மணி என்றே பேராகிவிட்டது. தாலுகாவிலிருந்து வந்த அதிகாரி காலை பத்து மணிக்கு வந்து, காய்ந்த மண்ணைப் பார்த்து, இளநீர் குடித்து, "எங்கம்மா தண்ணி?" என்று கேட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விட்டார். அண்ணி சுவரில் படிந்த உப்பைச் சுரண்டி எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டார். அது நன்றாக இருக்கிறது என்று தெருவே கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்தது.

நான் மட்டும் நனையவில்லை.

முதலில் அது எனக்கே தெரியாது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை, அதுவும் மூன்று மணிக்கு. ஊரே முழங்கால் வரை கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் அளைந்துகொண்டு ஸ்தலம் ஸ்தலமாக நகர்ந்தது, முழந்தாளிட்டபோதெல்லாம் எல்லாரும் இடுப்புவரை நனைந்து நடுங்கினார்கள், பன்னிரண்டாம் ஸ்தலத்தில் அண்ணி திரும்பி என் புடவையைத் தொட்டுப் பார்த்தார். அது இஸ்திரி போட்டதுபோல மொடமொடவென்று இருந்தது.

"ஏன்டி மதலேனு," என்றார், கோயில் என்றும் பார்க்காமல். "கடலுக்குக்கூட உன்னைத் தொடப் பிடிக்கலியாடி? வந்து முப்பத்திரண்டு வருஷமாச்சு, இன்னும் நீ அசலூர்க்காரிதான் போல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், களிமண் பூமி, எங்கள் ஊரில் எறிவதற்கென்று ஒரு கல் தேடினாலும் கிடைக்காது. கல்லே இல்லாத ஊரிலிருந்து, வீட்டுக்கு வீடு கல்லை அரிசிக்குள் வைத்திருக்கிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆற்றுப் பாறையில் சுருட்டைக்கல் கிடைக்கும். ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்டு, வரிவரியாக இருக்கும். சட்டைப் பொத்தான் அளவிலும் உண்டு, வண்டிச் சக்கரம் அளவிலும் உண்டு. பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள், விடிகிற நேரத்தில், தாய் தனியாக ஆற்றுக்குப் போக வேண்டும், விழுந்து காய்ந்த தொப்புள்கொடியை மடியில் முடிந்துகொண்டு. அந்தப் பிள்ளைக்கென்று ஒரு சுருட்டைக்கல்லை அவளே தேடி எடுக்க வேண்டும், எடுத்த குழியில் கொடியைப் புதைக்க வேண்டும், இடத்தை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. கல் அரிசிப் பானையின் அடியில் இருக்கும். பெண்பிள்ளை கல்யாணமாகிப் போனால் தன் கல்லைக் கொண்டுபோவாள். செத்தால் தலைமாட்டில் வைத்துப் புதைப்பார்கள். எடுத்த இடத்தைச் சும்மா விடக்கூடாது, உடம்பிலிருந்து ஒன்றை வைக்காமல் அங்கிருந்து ஒன்றை எடுக்கக்கூடாது, இதுதான் சட்டம். பழைய பங்குச் சாமியார்கள் திட்டிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நானும் மூன்று தடவை போனேன். பெண்கள் இருவருக்கும் ஏதோ கிடைத்ததை எடுத்தேன். பிரிட்டோவுக்கு மட்டும் அப்படி ஒரு கல் கிடைத்தது, தேன்நிறத்தில், உள்ளங்கை அளவில், வரியெல்லாம் மயில்கழுத்துபோல மின்னிக்கொண்டு. அவன் கொடியை, என் கழுத்தில் கிடந்த மாதா உத்தரியத்தின் நூலை அறுத்து மூன்று சுற்று சுற்றிக் கட்டிப் புதைத்தேன், மாதா பார்த்துக்கொள்ளட்டும் என்று.

பிரிட்டோவுக்கு இப்போது இருபத்தொன்பது. அவன் அப்பா இறந்த பிறகு என்னோடு இருக்கிறவன் அவன்தான். டிப்ளமா படித்தான், ஆனால் அவனுக்கு ஆறுதான் எல்லாம். விடிந்ததும் சுத்தியலும் உளியும் பழைய செய்தித்தாளும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லின் வரிக்கு நிழல் விழும், உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது என்பான். உருண்டைக் கல்லைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பான், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பான், சுறாப்பல் கிடைத்தால் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருவான். கல்லைப் பற்றிப் படிக்கிறவர்கள் காரில் வந்து இவனைத்தான் தேடுவார்கள்.

"பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால இங்க கடல்மா," என்பான்.

"அப்ப மாதா எங்கப்பா இருந்தாங்க?" என்பேன்.

"அவங்க இன்னும் ஊருக்கே வரலம்மா. உங்களை மாதிரிதான், லேட்டா வாழ்க்கைப்பட்டு வந்தாங்க."

கடல் வந்தபோது ஊரிலே சந்தோஷப்பட்டவன் அவன் ஒருவன்தான். "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று கணுக்கால் தண்ணீரில் கையைப் பரப்பிக்கொண்டு நின்றான். ஆனால் இரண்டு நாள் கழித்து அவன் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டான். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், கேட்கப் பயந்து, ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

நாலாம் வாரத்தில் கொத்தனார் தொம்மை போனார்.

தொம்மை வாட்டசாட்டமான மனுஷன், எந்நேரமும் யாரையாவது கேலி பேசிக்கொண்டிருப்பார். அன்று மூன்று மணிக்கு எல்லாரும் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தபோது, அவர் மட்டும் எழுந்து தெருவில் இறங்கினார். அவர் மனைவி பிரகாசி, "எங்கய்யா போற?" என்றதற்கு, "இதோ வந்துர்றேன், கூப்புடுறாங்க" என்றார். முகத்தில் கோபமில்லை, பயமில்லை, விருந்துக்குப் போகிறவர்போல ஒரு சாந்தம். தெருமுனையில் நாலு ஆண்கள் சேர்ந்து பிடித்துக் கயிற்றால் கட்டினார்கள். அவர் திமிரவில்லை. "விடுங்கப்பா, கை வலிக்குது," என்றார், மெதுவாக. "பிரகாசி, நீயாச்சும் சொல்லேன். கை வலிக்குதும்மா." முப்பது வருஷத்தில் அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. "வலிக்குதாமே, கொஞ்சம் தளர்த்துங்களேன்," என்று அவள் அழுதாள். தளர்த்தினார்கள். அவ்வளவுதான், நாலுபேர் கையிலிருந்தும் மீன்போல வழுக்கி, ஆற்றை நோக்கி நடந்து, கரையிலிருந்து இறங்கினார். ஐந்து மணிக்கு அவர் துண்டு மட்டும் உப்பேறி விறைத்துக் கரையில் கிடந்தது.

மறுநாள் காலை ஆற்றில் இறங்கிப் பார்த்தவர்கள் ஒன்றைப் பார்த்தார்கள். வெள்ளைப் பாறையில், உளி வைத்தாலும் சட்டென்று உடையாத பாறையில், வெறுங்கால் தடம். ஐந்து விரலும் பதிந்து, ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளே போகிற தடம் மட்டும். பக்கத்தில் நண்டு ஊர்ந்த கோடு. பிரிட்டோ குனிந்து தொட்டுப் பார்த்து, "கடல் மேல நிக்கிறப்ப இது சேறு. வடிஞ்சதும் மறுபடி கல்லாயிடுது" என்றான்.

தொம்மை ஏன் போனார் என்று பிரகாசிதான் கடைசியில் சொன்னாள். போன வருஷம் பானையை ஒதுக்கிவிட்டுப் பிளாஸ்டிக் டிரம் வாங்கியபோது, பழைய பானையை அதன் அடியிலிருந்த அவர் கல்லோடு சேர்த்துப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டிருக்கிறாள். அன்று சாயங்காலம் ஊரில் ஒரு வீட்டிலும் விளக்குப் போடுவதற்கு முன்னால் வேறு வேலை நடக்கவில்லை. எல்லா அடுப்படியிலும் பெண்கள் முழங்கைவரை அரிசிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். கல் கையில் பட்ட வீடுகளிலிருந்து "மாதாவே" என்ற சத்தம் வந்தது. எனக்குக் கையில் அரிசி பட்டது, மேலும் அரிசி பட்டது, பானையின் அடி பட்டது.

திரும்பினேன். பிரிட்டோ அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"கல்லு எங்கப்பா?"

"குடுத்துட்டேம்மா."

"யாருக்கு?"

"சென்னையிலேர்ந்து வந்தாங்கல்ல, கண்காட்சி வைக்கிறவங்க. அது மாதிரி ஒண்ணு இந்த ஆத்துலயே கிடையாதும்மா. கண்ணாடிப் பெட்டியில வெச்சு, கண்டெடுத்தவர் பிரிட்டோன்னு கீழ பேரு போடுறேன்னாங்க."

அதைக் கண்டெடுத்தது நான் அல்லவா என்று என் வாய்வரை வந்தது. போனைப் போடச் சொன்னேன். அந்தப் பக்கம் பேசியவர் நல்ல மனுஷர்தான், ரொம்பச் சந்தோஷமாகப் பேசினார். "உள்ள அறை அறையா என்ன அழகு தெரியுமா தம்பி! ரெண்டா அறுத்து மெருகு ஏத்தியாச்சு. ஒரு பாதி இங்க, இன்னொரு பாதி வெளிநாட்டுக்கே போயாச்சு." எந்தக் கிழமை அறுத்தீர்கள் என்று பிரிட்டோ கேட்டான். "தேதி ஞாபகமில்ல, ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து அறுத்தோம்."

மணி என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் கடல் மணி அடித்ததும் பிரிட்டோ எழுந்தான். நான் கட்டிப்போட்டேன். கல்யாணப் புடவைதான் வீட்டில் இருந்ததிலே உறுதியானது, அதை முறுக்கி, நடுவீட்டுத் தூணோடு அவன் மார்பையும் கையையும் சேர்த்துக் கட்டினேன். "அம்மா, கொஞ்சம் தளர்த்தும்மா, கை வலிக்குது," என்றான். பால்குடி நாளில் பேசத் தெரிந்திருந்தால் எப்படிப் பேசியிருப்பானோ அப்படி ஒரு குரல். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, ஜெபமாலையை உருட்டி ஐம்பத்து மூன்று மணி செபம் சொன்னேன். ஐந்து மணிக்குத் தலையை உதறிக்கொண்டு, "என்னம்மா, போயிடுச்சா?" என்று தன் குரலில் கேட்டான். அதன் பிறகுதான் நான் அழுதேன்.

ஆனால் கடல் தினமும் நாலு விரல் ஏறியது. வாசலில் இடுப்பு, பிறகு மார்பு. மற்றவர்கள் மாடியிலும் பரணிலும் ஏறிக்கொண்டார்கள். பிரிட்டோவைக் கோயில் மணிக்கூண்டில் கொண்டுபோய்க் கட்டிப் பார்த்தோம், கயிற்றை அறுத்துக்கொண்டு அங்கிருந்து குதிக்கப் போனான், தைரியம் காலைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான். மறுபடி தூண்தான். தூணில் கட்டினால் தண்ணீர் அவன் தாடையைத் தொட்டது. நான் காய்ந்த தரையில் நின்றுகொண்டு, என் பிள்ளை கண்ணுக்குத் தெரியாத தண்ணீருக்கு மேலே வாயைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். நாளைக்கு மூக்குக்கு வரும். கட்டினால் மூழ்குவான், அவிழ்த்தால் போவான்.

அன்று ஐந்தரைக்கு விக்டோரியா அண்ணி வந்தார். கேலி பேசவில்லை, உட்காரவும் இல்லை.

"மதலேனு, இவன் கொடிய எங்க பொதைச்சேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"கல்லுதான் போச்சு. அதுக்கு ஈடா வெச்ச நம்ம பொருளு அங்கதான கெடக்கு? அதைப் போய் எடுத்துட்டு வந்துடு."

"பொதைச்ச குழி இந்நேரம் பாறையாயிருக்கும் அண்ணி. இவனே உளி வெச்சுத்தான் உடைப்பான்."

"மூணு மணிக்குப் போ. அப்பதான் அது சேறு. வேற யாரு போனாலும் செத்துருவோம்." குனிந்து என் காய்ந்த புடவைக் கரையைக் கசக்கிப் பார்த்தார். "நீ நனையமாட்டேல்ல. ஆண்டவர் அதுக்குத்தான்டி உன்னை அசலூர்க்காரியாவே வெச்சிருக்காரு."

"இவன் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சுவான் அண்ணி."

"குடிக்கக் காசு கேட்டு அவங்கப்பன் என்கிட்ட கெஞ்சாத கெஞ்சலா? நான் என்ன முந்தானை முடிச்சத் தளர்த்தியா குடுத்தேன்? நீ போ."

மறுநாள் மூன்று மணிக்கு, சோற்றுக் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, நான் ஆற்றில் இறங்கினேன்.

நனையவில்லை. ஆனால் காது அடைத்துக்கொண்டது, ஊரின் சத்தமெல்லாம் போர்வைக்கு வெளியே போய்விட்டது. பாறை இல்லை, காலடியில் சாம்பல்நிறச் சேறு, அதன்மேல் வெளிச்சம் வலைபோல ஆடிக்கொண்டிருந்தது. தலைக்குமேலே ஒன்றுமே இல்லை, வானம்தான், ஆனால் சேற்றின்மேல் நிழல்கள் போயின. ஒரு பஸ் நீளத்துக்கு ஒரு நிழல், வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு, என்னைச் சுற்றி ஒருமுறை வந்து, நின்று, மறுபடி ஒருமுறை வந்தது. நிழலுக்குச் சொந்தமானது எங்கே என்று நான் அண்ணாந்து பார்க்கவில்லை. என் கணுக்காலை உரசிக்கொண்டு சுருட்டைகள் நகர்ந்தன, உயிரோடு, கோலிக்குண்டுபோலக் கண்ணை வைத்துக்கொண்டு. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன், அடுத்த வார்த்தை வரவில்லை, மறுபடி தொடங்கினேன், அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே என்று அந்த மூன்று சொல்லையே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வழியில் தொம்மை இருந்தார். முழங்காலை மார்போடு சேர்த்து, தலையை முழங்காலுக்குள் விட்டு, சுருண்டு உட்கார்ந்திருந்தார். முதுகுத்தண்டு வரிவரியாகப் புடைத்து, மினுமினுவென்று, தேன்நிறத்துக்கு வர ஆரம்பித்திருந்தது.

"தொம்மை," என்றேன்.

ஒரு கண்ணைத் திறந்தார். "வாங்கக்கா," என்றார், தன் வீட்டு வாசலில் இருப்பவர்போல. "உக்காருங்க. தம்பி வரலியா?"

பிரகாசியிடம் ஏதாவது சொல்லட்டுமா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அதற்காக இன்றைக்கும் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். பின்னாலிருந்து, "வந்துருவான், வந்துருவான்," என்று அவர் ஆறுதல் சொன்னார்.

என் இடம் எனக்குத் தெரியும். செம்மண் கரையில் வெள்ளைக் கோடு ஓடுகிற இடத்தில் நின்றால், கோயில் சிலுவையும் மணிக்கூண்டும் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து ஒன்றாகத் தெரியும்; அங்கிருந்து முகம் திருப்பாமல் ஏழு அடி பின்னால் வைக்க வேண்டும். வைத்தேன். கரண்டியால் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் கரண்டி எதிலோ முட்டியது. கொடி இல்லை, கல். பொத்தான் அளவில், சுருண்ட ஒரு குட்டிச் சுருட்டைக்கல். அதன் நடுவில் மூன்று கோடு பள்ளமாக ஓடியது, நூல் சுற்றிய தடம். உத்தரியத்து நூல்கூட ஒரு இழை அந்தப் பள்ளத்தில் பழுப்பாக இருந்தது.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது, புரியாமலே இருந்திருக்கலாம். அரிசிப் பானைகளில் நாங்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்துவைத்த கற்களெல்லாம் யாருடைய பிள்ளைகளின் கொடி? அவர்களுடைய தாய்மார் எங்கே?

கல்லை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன். எழுந்திருக்கப் போனேன். நிழல் வந்து என்மேல் நின்றது. அந்தக் குழி திறந்து கிடந்தது. எடுத்த இடத்தைச் சும்மா விடக்கூடாது. உடம்பிலிருந்து ஒன்றை வைக்க வேண்டும். கொடி வைக்க நான் எங்கே போவேன், நான் பிறந்து ஐம்பத்தாறு வருஷமாயிற்று. என் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று எட்டு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் இருவரும் போன் பண்ணும்போதெல்லாம் டாக்டரிடம் போகச் சொல்லித் திட்டுவார்கள். இரண்டு விரலால் பிடித்து, ஆண்டவரே என்று திருகினேன். வந்துவிட்டது. குழியில் வைத்துச் சேற்றை மூடினேன்.

நிழல் நகர்ந்தது.

அந்த நொடியில் என் கணுக்காலில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். புடவைக் கரை நனைந்திருந்தது. பிறகு முழங்கால் நனைந்தது. பிறகு இடுப்பு. நான் ஓடினேன், தண்ணீர் என்மேல் ஏறுகிற வேகத்துக்கு ஓடினேன், மார்பு, கழுத்து, வாய்க்குள் உப்பும் ரத்தமும் கல்லுமாக, கரையில் தைரியம் விட்ட மணிக்கயிற்றைப் பிடித்து நான் மேலே வந்தபோது என் தலைமுடியிலிருந்து கடல் கொட்டியது. வீட்டுக்குப் போய்ப் பானைக்குள் கல்லைத் துப்பினேன். தூணில் தாடைக்குமேல் தண்ணீரில் கெஞ்சிக்கொண்டிருந்த பிரிட்டோ ஒரு தும்மல் தும்மினான். "ஐயோ, அத்தை, அவுத்து விடுங்க, மூச்சு முட்டுது," என்றான், தன் குரலில். பரணில் குப்புறப் படுத்து அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்த அண்ணி அவனை உடனே அவிழ்க்கவில்லை; "உங்க அத்தை புருஷன் பேரு என்னடா?" என்று கேட்டு, சரியாகச் சொன்ன பிறகுதான் இறங்கி அவிழ்த்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். என் ஈரப் புடவையைப் பிடித்துப் பிழிந்தார். "ஏ, எல்லாரும் வாங்கடி! மதலேனு நனைஞ்சுட்டா!" என்று கூவினார். தெருவே கழுத்தளவுத் தண்ணீரில் நீந்தி வந்து என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. "இப்பதான்டி நீ எங்க ஊர்க்காரி," என்று அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். முப்பத்திரண்டு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் எல்லாரும் ஊறுகாயும் கஞ்சியும் சாப்பிட்டோம். நானும் சிரித்தேன். பல் போன இடத்தை நாக்கு தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் முதல் கடல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மூன்று மணிக்கு வருகிறது, ஐந்து மணிக்கு வடிகிறது. கடல் மணி அடித்ததும் என் கால் கட்டிலிலிருந்து தானாக இறங்கியது. இழுக்கிறது என்று சொல்லமாட்டேன். பிறந்த வீட்டிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போவோமே, அப்படி. என் பல் அங்கே இருக்கிறது. அதற்கு ஈடான கல் என் பேரில் எந்தப் பானையிலும் இல்லை. நான் எடுத்தது பிள்ளைக்கு.

அதனால் இப்போது பிரிட்டோ என்னைக் கட்டுகிறான். அதே தூண், அதே கல்யாணப் புடவை, காலுக்குக் கீழே முக்காலி. காலையெல்லாம் ஆற்றில் என் கல்லைத் தேடுகிறான், யாருக்கும் கொடுப்பதற்காக அல்ல, பேர் போடுவதற்காக அல்ல. சாய்ந்த வெயிலில் குனிந்து குனிந்து, தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டு, "இது உங்களுதா இருக்கும்மா, எனக்குத் தோணுது" என்று தினம் ஒன்றைக் கொண்டுவந்து பானையில் போடுகிறான். பானை கல்லால் நிறைந்துவிட்டது, அரிசியை வாளியில் வைத்திருக்கிறோம். மூன்று மணிக்கு என் கால் இறங்குகிறது. தாய்தான் பிள்ளைக்குக் கல் எடுக்க வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். என் அம்மா கல்லே இல்லாத களிமண்ணில் படுத்திருக்கிறாள் என்றும் தெரியும்.

"மணி அடிச்ச பிறகு நான் என்ன சொன்னாலும் அது உங்கம்மா இல்லப்பா," என்று தினமும் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன். தலையை ஆட்டுவான். ஆனால் அவன் இளகிய மனசுக்காரன், அருவாமனையில் என் விரல் கீறினால் அவன் முகம் வெளுக்கும்.

நேற்று எனக்குக் கை வலித்தது. நிஜமாகவே வலித்தது, அல்லது நிஜமாக வலித்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. "பிரிட்டோ, கொஞ்சம் தளர்த்துப்பா," என்றேன். அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். என் முகத்தை நான் பார்க்க முடியாதே. அதில் யார் இருந்தார்களோ. அவன் கை முடிச்சின்மேல் வந்து நின்றது, ரொம்பநேரம் நின்றது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய நின்றது. பிறகு புடவைத் தலைப்பை இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினான்.

ஆண்டவரே நன்றி என்றாள் எனக்குள் இருந்த அவன் அம்மா. இன்னொருத்தி இருந்தாள், அவளை எனக்குத் தெரியாது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் அன்பாகக் கேட்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.